பூனையின் பெயரில்

மயூர் விஹார், தில்லி
12 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

மாதாவின் தயவில் நாங்கள் இருவரும் சுகம். நீயும் மடத்தில் உள்ள எல்லாச் சிஸ்டர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். அங்கே மழை உண்டா?

போன மாதம் எழுதத் தவறிவிட்டேன். மாதம் ஒரு கடிதம் என்ற சட்டம் மடத்துக்குள் அடைபட்டிருக்கும் உனக்குத்தான். ஆனால் வெளியே இருக்கும் என்னாலேயே அதைக் காப்பாற்ற முடியவில்லை. உன் உறையைக் கையில் கொடுக்கும்போது இங்குள்ள தபால்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். இந்தக் கட்டடத்தில் கோர்ட் நோட்டீஸ் தவிர யாருக்கும் கடிதம் வருவதில்லை.

எழுதாததற்குக் காரணம் ஒரு பூனை. சிரிக்காதே. ஜூலையிலிருந்து ஒரு கடுவன் பூனை எங்கள் வாசலைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. தரைத்தளத்தில் வீடு வாங்கியதன் பலன். கிரில் கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை விறைத்துக்கொண்டு பீய்ச்சிவிட்டுப் போகிறது. செருப்பு ஸ்டாண்டு, கதவின் அடிப்பக்கம், அவருடைய நடைக்குச்சி எதையும் விட்டுவைக்கவில்லை. பினாயில் ஊற்றினேன். பாச்சை உருண்டை வைத்தேன். மறுநாள் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டுப் போகிறது. மாடியில் இருக்கும் கோமளா அதற்குப் பால் ஊற்றுகிறாள். அவள் கணவர் வெங்கடராமன் சொசைட்டி செயலாளர், அதனால் யாரிடம் முறையிடுவது?

சோபா உறையை வாரம் இரண்டு தடவை துவைக்கிறேன். உங்கள் மடத்துத் தோட்டத்தில் பூனைகள் உண்டு என்று முன்பு எழுதியிருந்தாய். என்ன செய்வீர்கள் என்று கேட்டு எழுது.

பிள்ளை மேக்ஸ்வெல் புனேவில் நன்றாக இருக்கிறான். ஞாயிறுதோறும் வீடியோவில் பத்து நிமிடம் பேசுகிறான். அவரும் நன்றாக இருக்கிறார்.

உன் அக்கா,
செலின்

*

மடம்
5 அக்டோபர் 2024

அன்பு அக்காவுக்கு,

மரியே வாழ்க. உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குப் பெயர்நாள் போல இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். நான் இப்போது நோயாளிச் சிஸ்டர்களின் அறையைக் கவனித்துக்கொள்கிறேன். ஐந்து பேர். மூத்தவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது.

பூனை விஷயத்தைத் தோட்டத்துச் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். பினாயில் கூடவே கூடாதாம். அந்தக் காட்டம் அதற்கு இன்னொரு பூனை வந்துபோனதுபோலத் தோன்றுமாம், அதனால் மேலே மேலே அடிக்குமாம். பாச்சை உருண்டை பூனைக்கு விஷம், எடுத்துவிடுங்கள். முதலில் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்து துடைத்து, வெயிலில் காயவிட வேண்டும். பிறகு ஆரஞ்சுத் தோலை அது வந்து நிற்கும் இடத்தில் போட வேண்டும். செருப்புகளை உள்ளே வையுங்கள். அது வரும் வழியை அடைத்தால் இன்னும் நல்லது.

அத்தான் எப்படி இருக்கிறார்? உங்கள் கடிதத்தின் அடியில் எப்போதும் அவர் இரண்டு வரி எழுதுவார். ‘சிஸ்டரம்மா, எங்களுக்காக வேண்டிக்கொள்ளவும், மடத்துச் சாப்பாட்டில் உப்பு உண்டா’ என்று கேலியாக. ஜூனிலிருந்து அந்த இரண்டு வரியைக் காணோம். அடுத்த முறை எழுதச் சொல்லுங்கள்.

செபத்தில் உங்களை நினைக்கும்,
ஹெலன்

*

மயூர் விஹார்
8 நவம்பர் 2024

அன்பு ஹெலனுக்கு,

உன் கடிதமும் தோட்டத்துச் சிஸ்டரின் பிரசங்கமும் கிடைத்தன. அவருக்கு என் நன்றி. தீபாவளிப் புகையில் எனக்குப் பத்து நாளாக இருமல். வானம் சாம்பல் பூசியதுபோல் கிடக்கிறது. மற்றபடி சுகம்.

வினிகரில் வாசல் பரவாயில்லை. ஆரஞ்சுத் தோலை அது முகர்ந்து பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போகிறது. தில்லிப் பூனைக்கு எதுவும் பெரிதில்லை. இப்போது பால்கனி வழியாக உள்ளேயும் வருகிறது போலிருக்கிறது. அவர் உட்காரும் சோபா வீணாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பவுனுவை நிறுத்திவிட்டேன். திரிலோக்புரியிலிருந்து வந்து வேலை செய்தாளே, அவள்தான். வாய் நீளமாகிவிட்டது. துணியெல்லாம் நானே துவைக்கிறேன். மூன்று வார்டுகளை நடத்தியவளுக்கு இரண்டு பேர் துணி ஒரு வேலையா?

அவர் கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார். அதனால்தான் எழுதவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் அக்கா,
செலின்

*

மடம்
27 நவம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

மரியே வாழ்க. இருமலுக்கு ஆவி பிடிக்கிறீர்களா? நர்ஸம்மாவுக்கு நான் வைத்தியம் சொல்லக் கூடாதுதான்.

வரும் ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. உங்களுக்குத் தெரியும், கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதையும் மதர் மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். அதற்குள் இதை அனுப்பிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

பூனைக்கு நிரந்தர வழி ஒன்றுதான் என்கிறார் தோட்டத்துச் சிஸ்டர். ஆபரேஷன். இங்கே மூன்று கடுவன்களுக்குக் கால்நடை மருத்துவர் வந்து செய்தார். ஒரு மாதத்தில் அடிப்பது நின்றுவிட்டது. காதின் நுனியில் சிறிது வெட்டிவிடுகிறார்கள், ஆபரேஷன் ஆன பூனை என்று அடையாளம் தெரிய. தில்லியில் இதை இலவசமாகவே செய்யும் இடங்கள் இருக்குமே.

இன்னொன்றும் சொன்னார். பூனை நின்றுகொண்டு சுவரிலும் கதவிலும்தான் அடிக்குமாம். உட்காரும் இடத்தில் தேங்குகிற அளவுக்கு அடிக்காதாம். சோபாவைப் பற்றி நான் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம்.

பவுனு பதினோரு வருடம் உங்களிடம் இருந்தவள் அல்லவா? என்ன பேசினாள்?

உங்கள் ஹெலன்

*

மயூர் விஹார்
6 ஜனவரி 2025

அன்பு ஹெலனுக்கு,

உனக்கும் மடத்தில் அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்து. இன்று மூன்று ராஜாக்கள் திருநாள். பனிமூட்டத்தில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. நாங்கள் சுகம்.

பூனை ஆபரேஷனுக்கு நீ சொன்னபடி ஓர் இடத்தில் தேதி வாங்கினேன். அப்புறம் இந்தக் குளிரில் மயக்கமருந்து கொடுத்தால் தாங்குமா என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு எங்கள் அன்பிய ஜெபக்கூட்டம் நம் வீட்டில். பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஊதுவத்தி நான்கைந்து ஏற்றிவைத்தும் ஒருவர் மூக்கைச் சுருக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். பூனை எப்படி வருகிறது, எப்படித் திரும்பி நிற்கிறது, எப்படி நம்மையே முறைத்துப் பார்த்துக்கொண்டு அடிக்கிறது என்று எழுந்து நின்று நடித்துக் காட்டினார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அலுவலக நாடகங்களில் நடித்தாரே, அந்த லூர்துராஜை முப்பது வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு ஆரஞ்சுத் தோல் கதையைச் சொன்னேன். எல்லோரும் போனபிறகு இருவரும் சேர்ந்து பாத்திரம் கழுவினோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் எனக்குத் துடைத்துக் கொடுத்தார். அந்தப் பூனை வந்தபிறகுதான் எங்களுக்குச் சேர்ந்து பேச ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது, ஹெலன்.

மேக்ஸ்வெல் வந்து நான்கு நாள் இருந்தான். இரவு தங்கியது நொய்டாவில் நண்பன் வீட்டில். இங்கே மூக்கு அடைக்கிறது என்றான்.

பவுனு விஷயத்தை விடு. நடந்தது நடந்துவிட்டது.

உன் அக்கா,
செலின்

*

மடம்
24 ஜனவரி 2025

அன்பு அக்காவுக்கு,

மரியே வாழ்க. அத்தான் பூனையாக நடித்ததை மூத்த சிஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். பல் இல்லாத வாயால் சிரித்தார். இங்கே எல்லோரும் சுகம்.

ஒரு சிறு செய்தி. மதருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. முன்போல வரும் கடிதங்களை அவர் படிப்பதில்லை. இரண்டு வருடமாக உங்கள் கடிதங்களை நான்தான் அவருக்கு வாசித்துச் சொல்கிறேன். எதை வாசிப்பது, எதைத் தாண்டிப்போவது என்று என்னிடமே விட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

நோயாளிகள் அறையில் வேலை கூடிவிட்டது. விடிந்தால் முதல் வேலை படுக்கை விரிப்பு மாற்றுவதுதான். மூத்த சிஸ்டர் ஆரம்பத்தில் அழுவார். இப்போது நானும் அவரும் அந்த நேரத்தில் ஜெபமாலை சொல்கிறோம்.

பூனைக்குக் குளிர் போனதும் செய்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் ஹெலன்

*

மயூர் விஹார்
20 பிப்ரவரி 2025

அன்பு ஹெலனுக்கு,

சுகம், நீயும் சுகமாயிரு. மதரின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல். இப்போது அரை மணி நேர வேலை.

பூனைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. நான் செய்யவில்லை. மாடி கோமளா செய்தாள். போன வாரம் கூண்டில் மீன் துண்டு வைத்துப் பிடித்து, ஆட்டோவில் கொண்டுபோய், மூன்று நாள் வைத்திருந்து கூட்டிவந்துவிட்டாள். இடது காதில் நுனி இல்லை. என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னாள். “நீங்க பட்ட கஷ்டம் போதும் செலின். நாலு வாரத்துல எல்லாம் நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

நான் அவளைக் கேட்காத வார்த்தை கேட்டுவிட்டேன். யாரைக் கேட்டுச் செய்தாய், உன் பூனையா, உன் வாசலா என்று படிக்கட்டில் நின்று கத்தினேன். இத்தனை மாதம் பூனை பூனை என்று புலம்பியது நான்தான். அவளுக்கு எப்படிப் புரியும்?

இவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று இரண்டு முறை கேட்டார். “அந்தப் பூன வந்துட்டா?” வந்து போனது என்றேன். “அடிச்சுதா?” இல்லை என்றேன்.

உன் அக்கா,
செலின்

*

மடம்
3 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

மரியே வாழ்க. நாளை மறுநாள் சாம்பல் புதன். ஈஸ்டர் வரை இனி எழுத முடியாது.

பூனைக்கு நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். புண் ஆறும்வரை நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார் தோட்டத்துச் சிஸ்டர். பழைய வாசம் மரச்சாமான்களில் ஊறியிருந்தால் சமையல் சோடாவைத் தூவி ஒரு நாள் வைத்திருந்து கூட்டிவிடுங்கள். எலுமிச்சைத் தோலும் நல்லது. கோமளாவிடம் சமாதானமாகிவிடுங்கள், தவக்காலம் அல்லவா.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் ஹெலன்

*

மயூர் விஹார்
30 மார்ச் 2025

அன்பு ஹெலனுக்கு,

இந்தக் கடிதம் ஈஸ்டர் வரை மதரின் இழுப்பறையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ உடனே வாசிப்பாய் என்றால் என்னால் எழுத முடியாது.

பூனை அடிப்பது நின்றுவிட்டது. வாசலில் வந்து படுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் வாசம் நிற்கவில்லை.

பதினைந்தாம் தேதி வெங்கடராமன் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோமளா சொல்லியனுப்பியிருக்கிறாள், பூனை நின்ற பிறகும் வாசம் வருகிறதென்றால் கீழே சாக்கடைக் குழாய் உடைந்திருக்கும் என்று. நல்ல எண்ணத்தில்தான். பிளம்பர் குளியலறை, சமையலறை எல்லாம் குனிந்து பார்த்தான். பிறகு கூடத்துக்கு வந்தான். இவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான். “நாலி கா நஹீ ஹை, சாப்” என்றான். சாக்கடை இல்லை என்று சொல்லிவிட்டு இவரைப் பார்த்தான். வெங்கடராமன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். இவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவர்கள் போய் வெகுநேரம் ஆகியும் பக்கத்தைத் திருப்பவில்லை.

போன ஜூனில் ஆரம்பித்தது இது. முதலில் எப்போதாவது, பிறகு தினமும். அடக்க முடியவில்லை. பாத்ரூமுக்கு எழுந்து போவதற்குள் ஆகிவிடுகிறது. நனைந்த பேண்டைத் தானே கசக்கிக் கதவுக்குப் பின்னால் போட்டுவிடுவார். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பூனை வந்தது. ஒரு நாள் சோபா நனைந்திருந்தபோது, “பூன உள்ள வந்துட்டு போல” என்றார். நான், “ஆமாம், பால்கனிக் கதவைச் சாத்தாம விட்டுட்டேன்” என்றேன். அன்றிலிருந்து அப்படியே போனது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்டோபரில் பவுனு துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். “இது பூன மூத்திரம் இல்லம்மா. ஐயாவ டாக்டர்கிட்ட காட்டுங்க.” அந்த நிமிடமே அவளை அனுப்பிவிட்டேன். பூனைக்கு வாங்கிய தேதியை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது உனக்குப் புரியும்.

முப்பத்து மூன்று வருடம் முகம் தெரியாத ஆண்களுக்கெல்லாம் டியூப் போட்டவள் நான். வெட்கப்படாதீர்கள், இது எல்லாருக்கும் வருவதுதான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். மாத்திரை இருக்கிறது, பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். இவர் முன்னால் வாய் வரவில்லை. நாற்பது வருடம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் ஆபீஸ் போனவர்.

ஆனால் இப்போது ஒரு நல்ல மாற்றம். பிளம்பர் வந்துபோனதிலிருந்து இரண்டு வாரமாக வீடு உலர்ந்திருக்கிறது. நாற்காலி, விரிப்பு எல்லாம். எப்படி என்று நானும் கேட்கவில்லை. காலையில் வைக்கும் தண்ணீர்ச் சொம்பு மாலையில் அப்படியே இருக்கிறது. டீயும் வேண்டாம் என்கிறார். வயதானால் தாகம் குறையும். எப்படியோ, ஒன்பது மாதத்துக்குப் பிறகு விரிப்பு துவைக்காத ஒரு வாரம்.

இதை நீ வாசிக்கும்போது எல்லாம் இன்னும் சரியாகியிருக்கும். உனக்கு ஈஸ்டர் வாழ்த்து.

உன் அக்கா,
செலின்

*

மயூர் விஹார்
14 ஏப்ரல் 2025

அன்பு ஹெலனுக்கு,

மேக்ஸ்வெல் மடத்துக்குப் போன் செய்து மதரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னான். உனக்குத் தெரிந்திருக்கும். பத்தாம் தேதி வியாழன் காலை ஒன்பது மணிக்கு அவர் இறந்தார். ஆறாம் தேதி காய்ச்சல். ஏழாம் தேதி ஐசியு. சிறுநீரில் கிருமி, அது ரத்தத்தில் கலந்து இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன என்றார்கள். பதினொன்றாம் தேதி அடக்கம். தமிழ்ப் பூசைக்கு வரும் எல்லோரும் வந்திருந்தார்கள்.

நான் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

செலின்

*

மடம்
21 ஏப்ரல் 2025

என் அன்பு அக்காவுக்கு,

எந்த வாழ்த்தோடு தொடங்குவது என்று தெரியவில்லை. இயேசு உங்களைத் தாங்கட்டும்.

அத்தான் இறந்த செய்தியை மதர் அன்று மாலையே சொன்னார். தவக்காலமாக இருந்தாலும் உங்களுக்கு எழுத அனுமதி கொடுத்தார். நான்தான் காகிதத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஆறுதலாக எதை எழுதினாலும் பொய்யாக இருந்தது. இன்று ஈஸ்டர் திங்கள். இழுப்பறையைத் திறந்து உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

மார்ச் முப்பதாம் தேதிக் கடிதத்தின் உறையில் ஏப்ரல் நான்கு என்று இங்குள்ள தபால் முத்திரை இருக்கிறது. அது வந்தபிறகும் அத்தான் ஆறு நாள் உயிரோடு இருந்திருக்கிறார். சொம்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை நான் இன்று வாசிக்கிறேன்.

அக்கா, நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு நவம்பரிலேயே தெரியும். சோபாவைத் தூக்கிப் போட்டதாக எழுதினீர்களே, அப்போதே. நோயாளிகள் அறையில் இருப்பவள் நான், இது எனக்குத் தெரியாத வாசம் இல்லை. தோட்டத்துச் சிஸ்டர் அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று அவர் பெயரை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் பிடிகொடுக்கவில்லை. மதர் படிப்பதில்லை என்று எழுதினால் மனம் திறப்பீர்கள் என்று நினைத்தேன். மார்ச் மூன்றாம் தேதி, தவக்காலத்துக்கு முன் கடைசிக் கடிதத்தோடு இன்னொரு தாள் எழுதினேன். ‘அத்தானை டாக்டரிடம் கூட்டிப்போங்கள், எனக்குத் தெரியும், வெட்கப்பட ஒன்றுமில்லை’ என்று. பிறகு, அவரை நான் இப்படித் தெரிந்துகொண்டேன் என்று அறிந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நீங்கள் மூடிவைத்திருப்பதைத் திறக்க நான் யார் என்றும் தோன்றியது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு எலுமிச்சைத் தோலைப் பற்றி எழுதினேன்.

இதை மதரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். ஒரு வரியையும் தாண்டவில்லை.

உங்கள் ஹெலன்

*

மயூர் விஹார்
11 மே 2025

அன்பு ஹெலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அந்தத் தாளை அனுப்பியிருந்தாலும் நான் பூனையைப் பற்றித்தான் பதில் எழுதியிருப்பேன்.

நடந்ததை ஒருவரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இங்கே வெயில் நாற்பதைத் தொட்டது. அவர் உதடு வெடித்திருந்தது. கையின் தோலைப் பிடித்து இழுத்தால் உடனே கீழே போகவில்லை. இதைப் பார்க்கத் தெரியாத நர்ஸ் கிடையாது. ஒருநாளைக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனார் என்று நோயாளியின் கால்மாட்டில் தொங்கும் தாளில் எழுதி எழுதித்தான் நான் பென்ஷன் வாங்குகிறேன். பார்த்தேன், ஹெலன். தரை உலர்ந்திருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஐந்தாம் தேதி இளநீர் வாங்கி வந்து வெட்டிக் கொடுத்தேன். “அப்புறம் குடிக்கேன்” என்றார். நானும் சரி என்று வைத்துவிட்டேன். மறுநாள் காய்ச்சலில் என்னைப் பார்த்து அவருடைய அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

ஐசியுவில் ஒரு சின்னப் பெண் கேஸ் ஷீட் எழுத வந்தாள். தினமும் எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்று கேட்டாள். இரண்டு லிட்டர் என்றேன். அப்போதுகூட. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்ப வந்து கேட்கவில்லை. நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

மேக்ஸ்வெல் புனேவுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனான். போன ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வராமல் திரிலோக்புரிக்கு ரிக்‌ஷா பிடித்தேன். பவுனுவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். பதினோரு வருடம் அவள் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் அவள் வீட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை. அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாசலில் பாய் போட்டாள். நீ சொன்னதுதான் சரி, உன்னைத் துரத்தியது தப்பு, மறுபடி வருகிறாயா என்று கேட்டேன். வேறு வீட்டில் வேலைக்கு நிற்கிறாளாம். அந்த அம்மாவைப் பாதியில் விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். பிறகு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா” என்றாள். “ஐயா இருந்தவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன்.”

நான் அவளை அனுப்பிய அன்று, ரொட்டி வாங்கப் போயிருந்த அவர் கேட் அருகில் அவளைப் பார்த்திருக்கிறார். அழுதுகொண்டு போகிறவளை நிறுத்திக் கேட்டிருக்கிறார். இவளும் மறைக்கவில்லை. இது பூனை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மா நம்பவில்லை, கோபப்பட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் மெட்ரோ ஸ்டேஷன் வரை அவளோடு நடந்துவந்தாராம்.

“நம்பலயான்னு ரெண்டு வாட்டி கேட்டாரும்மா” என்றாள் பவுனு. “நம்பல ஐயான்னேன். அப்பத்தான் அவருக்கு மூச்சே வந்துச்சு. என்னப் பாத்து கையெடுத்துக் கும்புட்டாரு. ‘இனிமே யார்கிட்டயும் சொல்லிராத பவுனு. அவ ஆயுசு பூரா ஊராருக்கு பெட்பேன் வச்சவ. இப்பத்தான் உக்காந்து சாப்புடுதா. வீட்டுலயும் அதே பொழப்புன்னு தெரிஞ்சா உடைஞ்சிருவா. பூனன்னே நெனச்சுக்கிடட்டும்’னாரு. அதுக்கப்புறம் நான் எப்படிம்மா வாயத் தொறப்பேன்?”

அவளே வந்து ரிக்‌ஷா ஏற்றிவிட்டாள்.

பவுனுவை நான் துரத்தியதைத்தான் அவர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார், ஹெலன். நான் அந்தப் பூனையை முழுதாக நம்பினேன் என்று நினைத்திருக்கிறார். பூனை அடிப்பதை நிறுத்திய பிறகு எனக்குத் தெரிந்துவிடாமல் இருக்கத் தண்ணீரை நிறுத்துவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டேதான் போயிருக்கிறார்.

மதருக்கு என் வணக்கத்தைச் சொல். நோயாளிச் சிஸ்டர்கள் ஐந்து பேரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
செலின்